இன்னும் இரண்டு விரல்

என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. வேனில் ஏறும்போது கதவோரக் கைப்பிடியில் தொங்கித்தான் ஏறுவாள். பார்க்கவே பாவமாக இருக்கும். அதனால்தான் வண்டியின் உயரத்தைக் குறைத்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது முழுப் பொய்யும் இல்லை.

மெக்கானிக் சக்கரத்துக்கு மேலே உள்ள இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தார். “ஸ்பிரிங் மாத்தி இறக்கிடலாம் சார். தார் ரோட்டுல அலுங்காம ஓடும், அக்காவும் சுலபமா ஏறிடுவாங்க. கரடுமுரடான பாதைக்கு மட்டும் கொண்டு போயிடாதீங்க, அடியில தட்டிடும்.”

“கல்குவாரிப் பாதை?”

“அதுக்கு இப்ப இருக்கிற உயரமே பத்தும் பத்தாது.”

“இன்னும் ரெண்டு விரல் சேர்த்து இறக்குங்க” என்றேன்.

குவாரிப் பாதையின் கோடியில் ஒரே ஒரு வீடு. அங்கே என் மனைவியின் அக்கா தனியாக இருந்தார். ஆஸ்துமா. மூச்சு முட்டினால் என் மனைவிதான் வேனில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவாள். முட்டாத நாளிலும் அக்காவைப் பார்க்கப் போவாள். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். வண்டியை நிழலில் விட்டுவிட்டு வாசலுக்கு வந்தபோது உள்ளே அவள் சிரிப்பது கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. என் வீட்டில் அப்படி ஒரு சத்தம் எழுந்ததே இல்லை. நான் நுழைந்ததும் இருவரும் கப்சிப்.

இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மூச்சுவிடத் திணறுகிற ஒரு பெண்மேல் பொறாமைப்பட்டேன் என்பதைவிட, ஸ்பிரிங் மாற்றினேன் என்று சொல்வது கௌரவமாக இருந்தது.

வண்டி வந்ததும் அவள் எதையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தாள். “எனக்காகவா செஞ்சீங்க?” என்று முகம் மலர்ந்தாள். பிறகு, “அக்கா வீட்டுக்குப் போகுமில்ல?”

“தாராளமா போகும்.”

போகாது என்றால் பழையபடி உயர்த்தச் சொல்வாள். ஒருமுறை தட்டி நின்றுவிட்டால், தானாகவே அந்தப் பக்கம் போவதை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

அந்த ஒருமுறை, அக்காவுக்கு மூச்சு முட்டிய நாளாக அமைந்துவிட்டது. அக்கா வீட்டுக்குப் போகிற பாதி வழியில் கல் தட்டி, அடியில் ஆயில் தொட்டி உடைந்தது. போன் செய்தாள்.

“வண்டி நின்னுடுச்சுங்க. அங்க அக்காவால போன்ல பேசக்கூட முடியல. யாரையாவது உடனே அனுப்புங்க.”

“பதறாதே, நான் பார்த்துக்கறேன்.”

அப்போது நான் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். மற்றக் கை நகங்களையும் வெட்டி முடித்தேன். கொஞ்சம் தவிக்கட்டும், புத்தி வரும் என்று தோன்றியது. துணுக்குகளைக் கூட்டிக் குப்பையில் போட்டேன். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

என்னை நம்பி அவள் வேறு யாரையும் கூப்பிடவில்லை. அந்தக் காலோடு நடந்தே போயிருக்கிறாள். அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கிளம்பத் தயாராக, கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். உடம்பில் சூடு மட்டும் இருந்ததாம்.

துக்கத்துக்கு வந்தவர்கள் போனபின் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “எல்லாம் என் தப்புதாங்க. நான்தான் பார்த்து ஓட்டாம விட்டுட்டேன்” என்று அழுதாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த நிலையில் அவளால் தாங்க முடியாது. அவளுக்காகத்தான் சொல்லவில்லை. தலையைத் தடவிக்கொடுத்து, “போனது போகட்டும். உன்மேல எனக்குக் கோபமில்ல” என்றேன்.