ஒரு வீடு நீங்கலாக

டீ கொஞ்சம் ஆறட்டும் சார். சூடாகக் குடித்தால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். எனக்குத் தொண்டை கட்டினால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பொழுது போகாது.

பெயர் சாமுண்டீஸ்வரி. நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி யாரைக் கேட்டாலும் என் வீட்டைக் காட்டுவார்கள், கூடவே ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள். யார் வீட்டில் என்ன குழம்பு, எந்த மருமகன் எந்த மாமியாரோடு பேச்சை நிறுத்தினான், எல்லாம் முதலில் என்னிடம்தான் வரும். வந்த சேதி என்னை விட்டுக் கிளம்புகிற வேகம் ஆவடி ரயிலுக்குக் கிடையாது. என் வீட்டுக்காரர் அதற்குப் பயந்தே ஓவர்டைம் பார்க்கிறார்.

எழுபதில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்ததே, அதில் ஜெயித்தவர்கள் அத்தனை பேரும் ஆம்பிளைகள். பெண் ஒருத்தியும் வராவிட்டால் உறுப்பினர்களே ஒருத்தியைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். என்னை விட்டால் யார் என்று நினைத்தேன். நாற்காலியில் சம்மணம் போடாமல் உட்கார முக்காலியில் பழகினேன். “கனம் தலைவர் அவர்களே” என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். அடுப்பு மறுப்புச் சொல்லவில்லை.

நான் இல்லை என்று தலைவர் கங்காதரன்தான் சொன்னார். அவர் மனசில் இருந்தது எங்கள் தெருக்கோடி வீட்டுத் தாட்சாயிணி. அம்பத்தூரில் கம்பெனி வேலை பார்க்கிற வரதனின் மனைவி. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதோடு சரி.

“இன்னா அண்ணாத்தே, நான் இன்னா கொறஞ்சா பூட்டேன்?” என்று டீக்கடை வாசலில் வைத்தே கேட்டேன்.

“கொறயல்லாம் இல்லம்மா. கூட்டத்துல பேசனது நீ ஊடு போய்ச் சேர்றதுக்கு முன்னாடி பூந்தமல்லி போய்ச் சேர்ந்துடும். அந்தப் பொண்ணாண்ட சொன்னா வயித்தோட கீது.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல வேடிக்கைதான். அன்றைக்குச் சோறு மட்டும் இறங்கவில்லை.

தாட்சாயிணி வீட்டுக்கு எதிர்க்கோடியில், எங்கள் தெருமுனைக் கிணற்றின் கைப்பிடிச் சுவர் வெகு நாளாகச் சாய்ந்து நின்றது. ஆளைச் சேர்த்துக்கொள்கிற கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அதை இடித்துத் தரையோடு தரையாக்கினார்கள். மறுநாள் புதுச்சுவர் எழுப்புவதாகப் பேச்சு. முள் வெட்டி வந்து சுற்றிப் போடுவதற்குள் இருட்டிவிட்டது. தண்டோரா போடுகிற துலுக்கானத்துக்கு அன்று காய்ச்சல்.

தலைவர் என்னைக் கூப்பிட்டார். “நீ இருக்க சொல்லோ தமுக்கு எதுக்கு? விடியற வரிக்கும் யாரும் கெணத்தாண்ட போவ வேணாம்னு ஊட்டுக்கு ஊடு சொல்லிடும்மா.”

சொன்னேன் சார். காது மந்தமான வேம்புலியம்மாளுக்கு இரண்டு தடவை கத்தினேன். எனக்கு ஆகாத முனியம்மா வீட்டுக்கும் போனேன். ஒரு வீடு நீங்கலாகத் தெரு முழுக்கச் சொன்னேன். அந்த வீட்டுக்கு வேறு யாரும் சொல்லவில்லை. சாமுண்டி சொல்லாமல் விட்டிருப்பாளா என்று இருந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, என்னைப் பற்றி அவர்களுக்கு நல்ல அபிப்பிராயம்.

வரதனுக்கு முதல் ஷிப்டு. அதனால் தெருவிலேயே முதலில் தண்ணீர் சேந்துகிறவள் தாட்சாயிணிதான், கருக்கலில். விளக்கு எடுத்துப்போக மாட்டாள். கையை நீட்டிக்கொண்டு போய்ச் சுவரைத் தொட்டு, அதில் முழங்காலை முட்டுக்கொடுத்து நிற்பாள். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கால் பிசகிக் கொஞ்ச நாள் படுத்துக்கிடந்தால் கூட்டம் முடிந்துபோகும், அவ்வளவுதான். அந்த ஆழத்தில் கால் மட்டும் எப்படிப் பிசகும் என்று நீங்கள் கேட்பது நியாயம்.

அந்த நேரத்தில் விழித்துத்தான் இருந்தேன். குடம் விழுந்த சத்தம் கேட்டது. பித்தளைக் குடம். குடம்தானே, வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று புரண்டு படுத்தேன்.

கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். பிறகு கூடியபோது தலைவருக்கு வேறு ஆள் இல்லை. அனுதாபத் தீர்மானத்தை நான்தான் வழிமொழிந்தேன். அழுகை தானாகவே வந்தது. புதுச்சுவரில் பதித்த கல்லில் என் பெயரும் இருக்கிறது, கடைசியில். சம்மணம் போடாமல் உட்கார்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை.

திறப்பு விழா அன்று வரதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கத்தவில்லை. “எல்லார் ஊட்லயும் சொன்னியாமே, எங்க ஊட்ல ஏங்க்கா சொல்லல?” என்றான். அப்புறம்தான் போலீசில் உங்களிடம் மனு கொடுத்தான்.

வீடு பூட்டியிருந்தது என்று காலையில் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். கதவு திறந்திருந்தது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் வீடு வீடாக ஏறி இறங்கி வருவதைப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, இன்னா சேதி?” என்று அவளாகவே கேட்டாள். அவள் என்னிடம் சேதி கேட்டது அதுதான் முதல் தடவை.

நாக்கு நுனி வரைக்கும் வந்தது சார். “ஒண்ணுமில்ல கண்ணு” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு சேதியை என்னாலும் வயிற்றோடு வைத்துக்கொள்ள முடியும். தலைவரிடம் அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.