காது சாரின் அறை

தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் ஆட்கள் வந்தார்கள். பாதியில் விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். துடைக்காமல் விட்டால் அடுத்துத் தைக்கிற துணியில் கறை ஏறும். அது ஒன்றுதான் மனசை உறுத்துகிறது. மற்றபடி நீங்கள் கேட்பதையெல்லாம் சொல்கிறேன், தம்பி. டீயைக் குடியுங்கள், ஆறிவிடப்போகிறது.

என் வீட்டுக்காரரைக் கடையில் 'காது சார்' என்பார்கள். விலை உயர்ந்த ஸ்பீக்கர் விற்கிற கடை. வாங்க மாட்டார், ஆனால் வாரம் தவறாமல் போய் உட்காருவார். ஒரு தடவை என்னையும் கூட்டிப்போனார். நாங்கள் நுழையும்போதே விற்பனையாள் ஒருவர் இன்னொருவரிடம், "காது சார் வந்துட்டாரு, ஃபேனை நிறுத்து. இல்லேன்னா அது எந்தச் சுருதியில சுத்துதுன்னு ஆரம்பிச்சுடுவாரு" என்றார். எனக்குக் கேட்டது. இவருக்குக் கேட்கவில்லை. அவ்வளவு நுட்பமான காது.

அங்கே ஒரு ஜோடி ஸ்பீக்கர் நின்றது. ஆள் உயரம், கருப்பு, முகம் தெரிகிற பளபளப்பு. இவர் எதிரே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்டியா? பாடறதுக்கு முன்னாடி அந்தம்மா உதட்டைப் பிரிக்கிற சத்தம்."

"பாட்டு நல்லா இருக்குங்க."

"பாட்டு கேக்கறவங்களுக்கு ரேடியோ போதும்" என்றார். விற்பனையாள் எனக்காகச் சிரித்தாரா, அவருக்காகச் சிரித்தாரா, தெரியவில்லை.

அன்றிலிருந்து அதே கனவு. தூக்கத்தில்கூட "இன்னும் கொஞ்சம் தள்ளி வை" என்று உளறுவார். என்னைத்தான் சொல்கிறாரோ என்று பல நாள் நகர்ந்து படுத்திருக்கிறேன்.

ஸ்பீக்கர் வரப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் வந்தால் அறை தயாராக இருக்க வேண்டுமாம். நான் தைக்கிற அறைதான் அளவில் பொருந்தியது. என் மெஷின் குளியலறை ஓரத்து நடைக்குப் போனது. கார்பெண்டர் வந்து சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை அடித்தார், சன்னலை மூடினார், கதவைச் சுற்றி ரப்பர் பதித்தார். கதவின் உள்பக்கம் தாழ்ப்பாளோ கைப்பிடியோ கூடாது. இரும்பு இருந்தால் ஸ்பீக்கரின் கனத்த பேஸ் சத்தத்துக்கு அதிருமாம்.

"அப்புறம் எப்படி சார் வெளிய வருவீங்க?" என்றார் கார்பெண்டர்.

"தள்ளினா திறக்கும்யா. ரப்பர்தானே?"

ஆள் இல்லாதபோது கதவு பிதுங்கி நிற்காமல் இருக்க வெளிப்பக்கம் ஒரு கொண்டி. அதைப் போட்டு இறுக்கிவிட்டால் உள்ளே வெடி வெடித்தாலும் வெளியே கேட்காது என்பார். நான் தட்டாமல் எட்டிப் பார்க்கக் கதவிலேயே ஒரு சின்னக் கண்ணாடி.

ஸ்பீக்கர் நிற்கவேண்டிய இடத்தில் இரண்டு அட்டைப்பெட்டிகளை நிறுத்தினார். ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியை அறுத்து ஒட்டி, அதே உயரம், அதே அகலம். கருப்புப் பெயின்டும் அடித்தார். தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் உள்ளே போய் அவற்றின் முன்னால் உட்காருவார். உள்ளே பாட்டு இல்லை, தம்பி. ஒரு ஒயர்கூட இல்லை. சும்மா உட்கார்ந்து தலையை ஆட்டுவார். அந்த நேரத்தில் நான் தைக்கக் கூடாது, பாத்திரம் விழக் கூடாது. கண்ணாடியில் என் முகம் தெரிந்தால் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டி, வாயை மட்டும் அசைப்பார்: "முடியல." பாட்டு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். நான் திரும்பிப் போய்விட வேண்டும்.

ஏன் சண்டை போடவில்லை என்கிறீர்கள். பைத்தியம் என்றால் வைத்தியம் பார்க்கலாம். இவர் பைத்தியம் இல்லை. ஊரெல்லாம் செவிடு, தனக்கு மட்டும்தான் காது என்று நினைத்த மனுஷன். சண்டை போடுவதற்காவது ஒருத்தர் மேல் கொஞ்சம் மரியாதை இருக்க வேண்டும்.

மகள் கைக்குழந்தையோடு தங்க வந்தாள். குழந்தை வீறிட்டது. இவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அதை வாயை மூடச் சொல்லு. ரெண்டாவது பாட்டு ஓடிட்டிருக்கு."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "அப்பா, அது அட்டைப்பெட்டிப்பா."

"உங்கம்மா காது அப்படியே உனக்கு."

அவள் கொண்டுவந்த பையைப் பிரிக்கவே இல்லை. "நீயும் கிளம்பும்மா" என்றாள். தைக்க வாங்கின துணி கிடக்கிறது என்று சொல்லி அவளை மட்டும் அனுப்பினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதை நீங்கள் எழுத வேண்டாம்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் டீ எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடியில் பார்த்தேன். நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு கை நெஞ்சில். இன்னொரு கையை என்னைப் பார்த்துத் தூக்கினார். உள்ளங்கை தெரிந்தது. வாய் அசைந்தது: "முடியல."

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த அர்த்தத்தில்தான் அதை எடுத்துக்கொண்டேன். திரும்பிப் போய்விட்டேன். நேற்று உங்களிடம் இவ்வளவுதான் சொன்னேன்.

அப்படியானால் ஒரு பெட்டி ஏன் கதவருகே நசுங்கிக் கிடந்தது என்று இன்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. எழுந்திருக்க அதைத்தான் பிடித்தார். ஆள் கனத்தை அட்டை தாங்குமா? அதோடு சேர்ந்து விழுந்து, அதை இழுத்துக்கொண்டே கதவுவரை நகர்ந்து வந்தார். நான் எங்கேயும் போகவில்லை, டீ டம்ளரோடு கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவைத் தள்ளினார். ஒரு விரற்கடை திறந்தது. அந்த இடுக்கு வழியாக அவர் குரல் வந்தது, குழந்தைக் குரல் மாதிரி மெல்லிசாக.

"முடியலடி."

டம்ளரைக் கீழே வைத்தேன். "சரிங்க, முடியட்டும்" என்றேன். இரண்டு கையாலும் கதவை அழுத்திச் சாத்திக் கொண்டியைப் போட்டேன்.

அறையைப் பற்றி அவர் சொன்னது மட்டும் சரிதான், தம்பி. அதற்கப்புறம் ஒரு சத்தமும் வெளியே வரவில்லை.