ஐந்து சொட்டு லாவெண்டர்

12.10.1964, திங்கள்.

இன்றைய தவறு: ஐந்து சொட்டு விட வேண்டிய இடத்தில் ஏழு சொட்டு லாவெண்டர் எண்ணெய் விட்டுவிட்டேன். புட்டியின் வாய் அகலம். கையைச் சற்று முன்னதாகவே நிமிர்த்தியிருக்க வேண்டும்.

கனகமணி டீச்சர், முதலுதவி வகுப்பில் சேர்ந்த அன்று எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து, அன்றன்று செய்த தவறை முதல் வரியிலும் மறுநாள் வேலையைக் கடைசி வரியிலும் எழுதச் சொன்னீர்கள். நடுவில் என்ன எழுதுவது என்று சொல்லவில்லை. மற்றவர்கள் இரண்டு வரியோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அப்படி முடிவதில்லை. ஒரு வேலையைச் சரியாகச் செய்தேனா என்ற சந்தேகம் எனக்குக் கூடவே பிறந்தது. வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் அடங்கும். சனிக்கிழமை நோட்டு உங்கள் கைக்கு வரும். இதையும் படிப்பீர்கள்.

லாவெண்டரின் வீட்டு உபயோகங்களை ஆகஸ்டு மாதம் நீங்கள்தான் பாடமாக நடத்தினீர்கள். ஊட்டியிலிருந்து சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரச் சிஸ்டர் உங்களுக்கு விட்டுப்போன புட்டிகளில் ஒன்றை எனக்குத் தந்தீர்கள். தலைவலிக்குக் கைக்குட்டையில் இரண்டு சொட்டு. தூக்கம் வராதவருக்குத் தலையணை உறையில் மூன்று. கால் வலித்தால் வெந்நீரில் ஐந்து விட்டுக் காலை ஊறவைக்கலாம். சேலைப் பெட்டியில் பஞ்சில் நனைத்து வைத்தால் பூச்சி வராது. அடுப்படியில் கையில் லேசாகச் சூடு பட்டால், தண்ணீரில் நன்றாக ஆற்றிய பிறகு தேங்காயெண்ணெயில் கலந்து தடவலாம். 'சின்னச் சூடு' என்று இரண்டு தரம் சொன்னீர்கள். என் நோட்டில் அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் முதலுதவி அறை என் பொறுப்பு. பெண்கள் என்னை நர்சம்மா என்பார்கள். நான் நர்ஸ் இல்லை என்று முதலில் சொல்லிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். பட்டாசுக்குள் அடைக்கும் மருந்தின் நெடியில் அவர்களுக்கு மத்தியானத்துக்குள் தலைவலி வந்துவிடும். கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டுக் கொடுப்பேன். ஒரு வாரத்தில் என் அறை வாசலில் வரிசை நின்றது.

"ஏட்டி, நர்சம்மா ரூமு கல்யாண வீடு மாதிரி மணக்கு. மாப்பிள்ளை பாக்க வாராகளோ?" என்று பொன்னுத்தங்கம் கேட்பாள். டப்பாவில் லேபிள் ஒட்டுகிறவள், நாக்கு நீளம்.

"ஒனக்குத்தாண்டி பாக்காக. மொதல்ல நீ குளிச்சிட்டு வா" என்பாள் அய்யம்மாள்.

அய்யம்மாளுக்குப் பத்தொன்பது வயது. ஆலங்குளம் பக்கத்துக் கிராமம். அவளுடைய அம்மா மாடத்தியும் இங்கேதான், பேக்கிங் பகுதியில். இருவரும் ஒரே வேனில் வருவார்கள். அய்யம்மாளுக்குப் பேர் எழுதச் சொல்லிக்கொடுத்தது நான்தான். சாப்பாட்டு இடைவேளையில் நாற்பது நாள் ஆனது. நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து அப்படியே எழுதுவாள். என் 'ய'வின் வால் அவள் 'ய'விலும் இருந்தது. பதிவேட்டில் முதல் கையெழுத்துப் போட்ட அன்று, அழிந்துவிடுமோ என்று மையை ஊதி ஊதிக் காயவைத்தாள்.

செப்டம்பர் 28ஆம் தேதி காலை பத்தேகாலுக்கு, மருந்து அடைக்கும் அறையில் அவள் முன்னால் இருந்த தட்டு பற்றிக்கொண்டது. வலது கை உட்புறம், மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கம் வரை வெந்துவிட்டது. தண்ணீரில் இருபது நிமிடம் வைத்தேன். நீங்கள் சொன்ன நேரத்தைவிட ஐந்து நிமிடம் அதிகம்.

உள்ளங்கை அளவுக்கு மேல் வெந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று வகுப்பில் படித்திருக்கிறேன். அதை மேனேஜர் சுந்தர்ராஜ் சாரிடம் சொன்னேன். அவர் புண்ணுக்கு மேலே தொடாமல் தன் உள்ளங்கையை விரல்களும் நீட்டி விரித்துக் காட்டினார். அவருக்குப் பெரிய கை. புண் அதற்குள் அடங்கிவிட்டது.

"சரியாத்தான இருக்கு, இன்பம்?" என்று என்னைக் கேட்டார்.

யாருடைய உள்ளங்கை என்று எங்கள் பாடத்தில் இல்லை. சரியாக இருக்கிறது என்றேன்.

சட்டத்தையும் அவரே விளக்கினார். அடிபட்ட ஆள் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வராவிட்டால்தான் விபத்து என்று எழுதி அனுப்ப வேண்டும். வந்துவிட்டால் விபத்து இல்லை. எழுதி அனுப்பினால் ஷெட்டைப் பூட்டுவார்கள். தீபாவளிக்கு ஐந்து வாரமே இருக்கிற நேரத்தில், ஆர்டர் எல்லாம் பாதியில் கிடக்க, இருநூறு பேர் வீட்டில் உட்கார வேண்டும். "அவ வேலை செய்ய வேண்டாம். வேன்ல வரட்டும், ஒன் ரூம்ல பாயில படுத்துக்கிடட்டும், சாயந்தரம் போகட்டும். கூலி முழுசா உண்டு. மத்த கம்பெனியிலயும் இப்படித்தான் செய்யுதாக" என்றார். அது உண்மைதான். புதிதாக நாங்கள் எதையும் செய்யவில்லை.

என் காரியத்தையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குப் போன வருஷம் என்னை எடுக்கவில்லை. இந்த மாதம் 31ஆம் தேதிக்குள் மறுபடி மனுப் போட வேண்டும். ஒரு வருஷம் என் பொறுப்பில் விபத்து எதுவும் இல்லை என்று மேனேஜர் சான்று தருவதாகச் சொல்லியிருந்தார். இதற்காகத்தான் செய்தேன் என்று யாராவது சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அய்யம்மாள் என் கண்முன்னால் இருந்தால் நன்றாகக் கவனிக்கலாம் என்றும் நினைத்தேன்.

நன்றாகத்தான் கவனித்தேன். தினமும் கட்டு மாற்றினேன், கஞ்சி கொடுத்தேன். காலை வருகைக்கும் மாலை போவதற்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போட அவளால் பேனா பிடிக்க முடியவில்லை. கைநாட்டு வைத்தால், கையெழுத்துப் போடுகிறவள் திடீரென்று ஏன் கைநாட்டு என்ற கேள்வி வரும். அதனால் நானே போட்டேன். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கையெழுத்து என்பதால் எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

ஆறாம் நாள் புண்ணில் வாடை வந்தது.

டீச்சர், முதல் பாடத்திலேயே நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது: புண்ணைக் கண்ணால் பார்க்கும் முன் மூக்கால் பார். எனக்கு முன்பே வேனில் வந்த பெண்களுக்குத் தெரிந்துவிட்டது. "டிரைவரண்ணே, வேன்ல எலி செத்துக் கெடக்கா? தேடிப் பாருங்களேன்" என்று பொன்னுத்தங்கம் சொன்னாளாம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அய்யம்மாளும் சிரித்திருக்கிறாள். பிறகு அறைக்கு வந்து கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "நர்சக்கா, எலி நாந்தான்" என்றாள்.

அது எனக்குப் பொறுக்கவில்லை. அன்றுதான் கட்டின் மேல் பஞ்சில் லாவெண்டர் விடத் தொடங்கினேன். காலை ஐந்து சொட்டு, மத்தியானம் ஐந்து, வேன் ஏறும் முன் ஐந்து. குறைவாக விட்டால் வாடை எழும். அதிகம் விட்டால் அவளுக்குத் தலை சுற்றியது. ஐந்து என்பது நான் சோதித்துக் கண்ட அளவு. மறுநாளிலிருந்து வேனில் யாரும் எலியைத் தேடவில்லை. அவள் பக்கத்தில் உட்காரப் போட்டி என்று அவளே சொன்னாள். அவளுக்கு அதில் சந்தோஷம். என்மேல் அவளுக்குப் பிரியம் உண்டு.

காய்ச்சல் விடாததால் மாடத்தி இரண்டு முறை என்னிடம் வந்தார். கடைசியாக வந்தது போன வியாழக்கிழமை. வாசலுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு நின்றார்.

"தாயி, விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுக்கிட்டுப் போகட்டுமா? புள்ள ராத்திரியெல்லாம் அனத்துதா."

"புண்ணு நாறுதாக்கா? நீங்களே மோந்து பாருங்க."

அவர் குனிந்து மகளுடைய கையருகே முகத்தைக் கொண்டுபோனார். "இல்ல தாயி. நல்ல மணமாத்தான் இருக்கு."

"ஆறுத புண்ணுலதான் இந்த மணம் வரும்."

"நீங்க படிச்சவுக. நீங்க சொன்னாச் சரிதான்" என்று போய்விட்டார். அந்த அம்மாவுக்கும் மூக்கு இருந்தது. என்னைப் போல வகுப்புக்குப் போகாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். அதைப் பற்றி அன்று நோட்டில் எழுதவில்லை. வியாழக்கிழமைத் தவறாக நான் எழுதியிருப்பது, கத்தரிக்கோலை வெந்நீரில் போட மறந்தது. பார்த்தால் தெரியும்.

வெள்ளிக்கிழமை பாக்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். சீசனில் ஒரு முறை வருவார். என் அறை வாசலில் நின்றார். பாயில் போர்த்திப் படுத்திருந்தவளைப் பார்த்து யார் என்றார். மாத விலக்கு வலி என்றேன். ஆண்கள் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் மூச்சை இழுத்து, "என்னம்மா வாசனை இது, பிரமாதமா இருக்கே" என்றார். வீட்டில் அவர் மனைவிக்கு ஒற்றைத் தலைவலியாம். எண்ணெயின் பெயரையும் உபயோகங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நன்றி சொல்லி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் இரண்டடி உள்ளே வந்திருந்தால் நான் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் வரவில்லை.

இனி இன்றைய நாள்.

காலையில் அவளை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். அக்குள் வரை வீங்கியிருந்தது. பதினொரு மணிக்குப் பேச்சு குழறியது. பன்னிரண்டு மணி போலத் தெளிந்து, "நர்சக்கா, இன்னைக்கி நானே கையெழுத்துப் போடுதேன். இடது கையால போடுதேன்" என்றாள். பேனாவைக் கொடுக்கவில்லை. இடது கையால் போட்டால் எழுத்து மாறிவிடும். மூன்று முறை கேட்டாள். நாளைக்குப் போடலாம் என்றேன்.

மேனேஜரிடம் போய், வேனில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். வேன் லோடு ஏற்றிக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறது, ஐந்து மணிக்கு வரும் என்றார். குதிரை வண்டி கிடைக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்று நாற்பதுக்கு அய்யம்மாளின் மூச்சு நின்றது. கைக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். நாடியை இரண்டு நிமிடம் பிடித்துப் பார்த்தேன்.

சுந்தர்ராஜ் சார் வந்து வாசலிலேயே நின்றார். "வீட்டுல போச்சுன்னா காச்சல்ல போச்சுன்னு இருக்கும். இங்கன போச்சுன்னா..." என்று நிறுத்தினார். பிறகு என் பெயரைச் சொல்லி, "ஒன் சர்டிபிகேட் டைப் ஆயிட்டு" என்றார்.

கண்களை மூடிவிட்டேன். தலை வாரி, முகம் துடைத்து, புதுக் கட்டுக் கட்டினேன். அப்போதுதான் ஏழு சொட்டு விழுந்தது. ஐந்து மணிக்குப் பதிவேட்டில் போகும் நேரம் எழுதி அவளுடைய கையெழுத்தைப் போட்டேன். 'ய'வின் வால் சரியாக வந்தது.

மாடத்தி பேக்கிங்கிலிருந்து வந்தபோது, வேனின் பின் சீட்டில் அவளைக் கிடத்தியிருந்தோம். "அசந்து தூங்குதா அக்கா, எழுப்பிராதீக" என்றேன். அவர் ஏறி உட்கார்ந்து மகளின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நெற்றியில் கையை வைத்தார்.

"தாயி, மேலு சில்லுன்னு இருக்கே. காச்சல் விட்டுருச்சு போல."

"ஆமாக்கா. விட்டுருச்சு."

"நீங்க நல்லாருக்கணும் தாயி. புள்ள பூ மாதிரி மணக்குதா."

வேன் புறப்பட்டது. முந்தானையால் விசிறிக்கொண்டே போனார். ஆலங்குளம் பக்கம் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் அந்த அம்மா நிம்மதியாக இருந்தார் என்பதை யாரும் மறுக்க முடியாது.

நான் முகம் கழுவிக்கொண்டு ஆறரை மணி வகுப்புக்கு வந்துவிட்டேன். இன்று நாடி பார்க்கும் பாடம். நாடி நின்றதை எப்படி உறுதி செய்வது என்று கேட்டீர்கள். நான் சொன்ன விடை முழுவதும் சரி என்றீர்கள். மற்றவர்களையும் என்னைப் போல நிதானமாகப் பார்த்துச் சொல்லச் சொன்னீர்கள்.

எழுதியதை ஒரு முறை திருப்பிப் படித்தேன். பதினைந்து நாளில் கட்டு மாற்றாத நாள் இல்லை. கஞ்சி கொடுக்காத நாள் இல்லை. நாறுகிறவள் என்று அவளை யாரும் ஒதுக்க விடவில்லை. எங்கே பிசகினேன் என்று தேடினால், அந்த இரண்டு சொட்டு மட்டும்தான் கிடைக்கிறது. ஆனாலும் சந்தேகம் அடங்கவில்லை. டீச்சர் திருத்தும்போது வேறு தவறு ஏதும் தென்பட்டால் சிவப்பு மையில் காட்டவும்.

நாளைய வேலை: பாயைக் கழுவி வெயிலில் போட வேண்டும். பதிவேட்டில் அய்யம்மாள் பெயருக்கு நேரே, முதல் முறையாக, வரவில்லை என்று எழுத வேண்டும். திரி அறையில் கால் வெந்த சங்கிலிமுத்துவை ஏழு மணி வேனில் கொண்டுவருகிறார்கள். அவனுக்குக் கட்டு மாற்றி ஐந்து சொட்டு விட வேண்டும்.