வஹீத் பே கட்டியிருந்த வெள்ளைக் கடிகாரம்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவரின் துணைவியார் மதாம் ஸுஹைர் அவர்களே, அலெக்சாந்திரியா கைக்கடிகார ஆர்வலர் சங்கத்துத் தோழர்களே, துக்க வழக்கப்படி சர்க்கரையில்லாத காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெருமக்களே! சங்கச் செயலாளர் முராத் பேசுகிறேன். மறைந்த நம் தலைவரைப் புகழ்ந்து நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். எந்த முகத்தோடு பேசுவேன்?

வஹீத் ஷல்பி! நாம் மரியாதையாக அழைத்த வஹீத் பே! இந்த நகரத்தில் அவர் எடைபோட்டுச் சொல்லாத கடிகாரம் உண்டா? முள்ளை மாற்றியிருந்தால் சொல்வார். முகப்புக்குப் புதுச்சாயம் பூசியிருந்தால் சொல்வார். எத்தனை பேர் ஏமாறாமல் தப்பினோம்! மாதந்தோறும் பச்சைத் துணி விரித்த மேசையில் நம் கடிகாரங்களைக் கழற்றி வைப்போம். கைமாறிக் கைமாறிக் கடைசியில் அவரிடம் போகும். அவர் உதட்டைப் பிதுக்கினால் அன்றைக்கு நமக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படிப்பட்டவர் போன வருடம் தம் தங்கக் கடிகாரத்தை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு வேளை மீன் சாப்பாட்டு விலையில் வாங்கிய ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். வெள்ளை முகப்பு, தடித்த இரண்டு கறுப்பு முள். எண் கிடையாது, தேதி கிடையாது. விட்டோமா நாம்?

"என்ன வஹீத் பாஷா, சட்டைப் பொத்தான் கையில ஒட்டிக்கிச்சா?" என்றார் ஹிஷாம்.

"சிரிங்கய்யா, நல்லா சிரிங்க. இதுல எனக்கு மணி தெரியுது."

"அப்ப எங்களுதுல தெரியாதாக்கும்! தலைவர் கஞ்சனாயிட்டாருப்பா" என்றேன் நான். அவரும் சேர்ந்து சிரித்தார். மாதா மாதம் அதே கேலி, அதே கடிகாரம்.

அந்த வருடம்தான் அவர் குறை சொல்வதையும் நிறுத்தினார். கவனித்தீர்களா? கடிகாரத்தை வாங்கி, கட்டைவிரலால் ஓரத்தைத் தடவி, காதில் வைத்துக் கேட்டு, "அருமை" என்பார். எல்லாவற்றுக்கும் அருமை! முகப்பு மாற்றிய ஹிஷாமின் கடிகாரத்துக்கும் அருமை. ஹிஷாம் அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். எனக்கும் ஓர் 'அருமை' கிடைத்தது. நானும் பூரித்துப் போனேன். ஏன் என்று கேட்க நம்மில் ஒருவருக்காவது தோன்றியதா?

கண் போய்க்கொண்டிருந்தது, பெருமக்களே! நம் தலைவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது! மணிக்கட்டைப் பார்த்துச் சிரித்த நாம் ஒரு தரம் அவர் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாதா? வெட்கமாக இருக்கிறது.

அடக்கம் முடிந்து திரும்பியபோது மதாம் ஸுஹைர் என்னிடம் சொன்னார்: "டாக்டர் கைய விரிச்சிட்டார், முராத். சிநேகிதங்ககிட்ட சொல்லிடுங்கன்னு தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன். 'சொன்னா அப்புறம் எவனும் கடிகாரத்தை என் கையில குடுக்கமாட்டான், ஸுஹைர். கீழ போட்டுடுவேன்னு பயப்படுவானுங்க'ன்னார். நீங்கள்லாம் அப்படியா செஞ்சிருப்பீங்க?"



தோழர்களே, சங்கம் தொடரும். அடுத்த மாதமும் பச்சைத் துணி விரிப்போம். பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, நலம் கேட்டு, பதிலையும் கேட்ட பிறகே இனி நாம் கடிகாரத்தைக் கழற்றுவோம். வஹீத் ஷல்பியின் பெயரால் இது நம் உறுதி. சம்மதமென்றால் கையைத் தூக்குங்கள்!

மதாம், அவர் பயந்தது வீண் பயம் என்று இந்தச் சபையில் சொல்லி உங்களைத் தேற்றத்தான் எழுதி எடுத்து வந்தேன். படிக்க நா எழவில்லை. மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், நான் என் கடிகாரத்தைக் கொடுத்திருக்க மாட்டேன்.