மான் வேட்டை வாரத்தில் ஒரு கடைசி நாள்

மான் வேட்டைக்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை. துப்பாக்கிச் சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. குளிரில் மரத்தின்மேல் உட்கார்ந்து நாள் முழுக்கக் காத்திருக்கும் பொறுமையும் கிடையாது. ஆனால் விஸ்கான்சினின் வடக்கே, ஒரு கதவு ஆலையின் பணியாளர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருப்பவளுக்கு வேட்டைக் காலம் எப்போது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் எங்கள் ஹோல்ம்பர்க் ஆலையின் ஆண்களில் பாதிப்பேர் போன் எட்டாத காட்டுக் குடில்களில் இருப்பார்கள். நீங்கள் மாடிசனிலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாராவது போவார்கள். அதனால் இந்த ஒரு விஷயத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் போர்ட்டலைப் பற்றிச் சொல்கிறேன். அது புரியாமல் மற்றது புரியாது.

எங்களிடம் ஒரு பழைய போர்ட்டல் இருந்தது. சாப்பாட்டு அறையில், சிப்ஸ் விற்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு கணினி. நீலத் திரை, வெள்ளை எழுத்து. ஊழியர்கள் விடுப்பு, முகவரி, மருத்துவக் காப்பீட்டில் யார் யார் என்பதையெல்லாம் அதில் தாங்களே பதிந்து, காகிதத்தில் அச்செடுத்து, கையெழுத்திட்டு என் ஜன்னலில் கொடுக்க வேண்டும். பத்தில் ஏழு பேர் தப்பாகத்தான் பதிவார்கள். ஒருவர் தன் நாயைக் குடும்ப உறுப்பினராகச் சேர்த்திருந்தார். நான் எல்லாவற்றையும் திருத்துவேன். யாராவது பதியாமல் விட்டால் வேட்டை முடிந்த திங்கட்கிழமை அவர்கள் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போன் போடுவேன். அந்த ஆண்கள் எதையும் கவனிக்க மாட்டார்கள் என்பதால் மனைவியிடம்தான் பேசுவேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவருக்குக்கூடக் காப்பீடு விட்டுப்போனதில்லை. அது அந்தப் போர்ட்டலின் சாதனை. எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு பிரெஸ்காட் வந்தார். புதிய பணியாளர் துறை இயக்குநர், சிகாகோக்காரர், முப்பத்து மூன்று வயது. கணுக்கால் தெரியும் பேன்ட். பழைய போர்ட்டலை முதன்முதலாகப் பார்த்தபோது அதைப் புகைப்படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். புதிய போர்ட்டல் ஒன்றை அவர் கொண்டுவந்தார். எல்லாம் போனிலேயே. திறந்தவுடன் உங்கள் பெயரைச் சொல்லி, இன்று மனநிலை எப்படி என்று விசாரிக்கும். ஐந்து முகங்களில் ஒன்றைத் தொட வேண்டும். முகவரியை மாற்றினால் திரையில் வண்ணக் காகிதத் துண்டுகள் சிதறும். ஐம்பத்தெட்டு வயது ஆள் ஒருவர், மனைவி விட்டுப்போய் வாடகை அறைக்குக் குடிபெயர்ந்து முகவரியை மாற்றினார். அவருக்கும் காகிதத் துண்டுகள் சிதறின.

எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்க ஒரு குழு போட்டார்கள். குழு தீர்மானிக்கவில்லை, குழுக்கள் தீர்மானிப்பதில்லை. ஒரு வருடம் இரண்டையும் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. கதவு பொருத்தும் கூடத்துக்குப் பழையது, கிடங்குக்கும் லாரி ஏற்றும் பகுதிக்கும் புதியது. ஜனவரி பன்னிரண்டாம் தேதி கூட்டத்தில் இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். புதியது வென்றால் என் ஜன்னலை மூடிவிடுவார்கள். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஜன்னலின் அகலத்தை அளக்க ஒரு ஆள் மட்டும் வந்துபோனான்.

அக்டோபரில் பிரெஸ்காட் என் மேசைக்கு வந்தார். அந்த உரையாடலை நீங்கள் ஏற்கெனவே அவரிடம் கேட்டிருப்பீர்கள். அவர் சொன்னது சரிதான்.

"வெர்னா, காப்பீட்டுப் பதிவுக்குக் கடைசி நாள் நவம்பர் இருபத்தஞ்சு, வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கேன். நீங்க இந்த ஊர்க்காரங்க. அந்தத் தேதில ஏதாவது சிக்கல் உண்டா?"

"ஒண்ணும் இல்லையே," என்றேன்.

பழைய போர்ட்டலில் கடைசி நாளை நான் எப்போதும் வேட்டைக்கு அடுத்த புதன்கிழமையில்தான் வைப்பேன். எங்கள் ஆட்கள் வேட்டை முடிந்து திரும்பி, மான் இறைச்சியை வெட்டிக் குளிர்பெட்டியில் அடுக்கிய பிறகுதான் காகிதங்களைத் தொடுவார்கள். அதற்கு முன்னால் தேவதூதனே வந்து கேட்டாலும் தொட மாட்டார்கள். இதைப் பிரெஸ்காட் என்னிடம் கேட்கவில்லை. சிக்கல் உண்டா என்று கேட்டார். சிக்கல் அவருடைய போர்ட்டலுக்குத்தான், எனக்கில்லை.

பழையதில் ஒன்றும் பதியாவிட்டால் போன வருடம் இருந்தவர்கள் அப்படியே தொடர்வார்கள். புதியதில் வருடா வருடம் மனைவி மக்களை மறுபடி உறுதிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஊழியர் மட்டும் காப்பீட்டில் நிற்பார், குடும்பம் உதிர்ந்துவிடும். நவம்பர் இருபத்தெட்டாம் தேதி காலை அந்தப் பட்டியல் என் திரைக்கு வந்தது. முப்பத்தொரு பேர். திருத்திக்கொள்ள டிசம்பர் பத்து வரை அவகாசம், அதன்பிறகு ஊழியர் புகார் கொடுத்தால்தான். இரண்டுக்கும் திருத்தும் சாவி என்னிடம். பட்டியலின் கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று 'திருத்து'. இன்னொன்று 'பார்த்துவிட்டேன்'.

நான் இரண்டாவதைத் தொட்டேன். பார்த்திருந்தேன், அது உண்மைதானே.

முப்பது பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜனவரி முதல் வாரத்திலேயே பல் மருத்துவரிடமோ வேறெங்கோ போய்த் தெரிந்துகொண்டு, பிரெஸ்காட்டிடம் கத்தி, சரிசெய்துகொண்டார்கள். அந்த முப்பது பேரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. முப்பத்தொன்றாவது ஆள் ஆர்லின் ஸாஸ்ட்ரோ. யாரிடமும் கத்தத் தெரியாதவர். அவர் மனைவி டொரீன்.

அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஆர்லின் கிடங்கில் சரக்குத்தூக்கி வண்டி ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு எல்லோரும் கூடும் உணவு விடுதியில் டொரீன் பரிமாறிக்கொண்டிருந்த காலத்தில், மீனே பிடிக்காத அந்த மனிதர் ஒரு குளிர்காலம் முழுக்க வாராவாரம் வந்து மீன் தின்றார். வசந்தம் வந்தபோதுதான் அவளிடம் பேசினார். அவர்கள் கல்யாண நடனத்தில் அவளுக்கு வலிப்பு வந்தது. அவர் தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வாத்தியக்காரர்களைப் பார்த்து நீங்கள் பாட்டுக்கு வாசியுங்கள் என்று கைகாட்டினார். அவள் கண் விழிக்கும்போது எல்லோரும் சுற்றி நின்று வெறித்துப் பார்க்கக் கூடாது என்பதற்காக. நான் அப்போது ஆடிக்கொண்டிருந்தேன். பிறகு சரியான மாத்திரை கிடைத்தது. ஏழு வருடமாக வலிப்பே இல்லை. ஒவ்வொரு ஜூனிலும் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்டுக் கேக் செய்து எனக்கென்று ஒரு துண்டைத் தனியாக அனுப்புவாள். விளிம்புத் துண்டு. எனக்கு விளிம்புதான் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஜனவரி நான்காம் தேதி ஆர்லின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார்.

"வெர்னா, மருந்துக்கடைல டொரீனைத் திருப்பி அனுப்பிட்டாங்க. காப்பீட்டுல அவ பேரே இல்லையாம். இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்திருக்கேன், யாரோ எனக்கு விவாகரத்து வாங்கிக் குடுத்திருக்காங்க. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

சிரித்தார். நானும் சிரித்தேன். போர்ட்டலில் நீ உறுதிசெய்யவில்லையே என்றேன்.

"காட்டுல இருந்தேன் தாயே. அங்க மரத்துக்கிட்டயா உறுதி பண்றது? எப்பவும் நீதானே போன் பண்ணுவே. அந்தத் திங்கக்கிழமை முழுக்க டொரீன் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தா. வெர்னா கூப்பிடுவான்னு."

"எத்தனை மாத்திரை இருக்கு?"

"நாலு. பாதி பாதியா உடைச்சுப் போட்டுக்கறா."

கடையில் முழு விலை கொடுத்து வாங்கலாமா என்று அவரே கேட்டார். அதற்கு அவசியமில்லை, இரண்டு நாளில் சரியாகிவிடும், புதிய போர்ட்டலில் டிக்கெட் மட்டும் போட்டுவிடு என்றேன். டிக்கெட் என்றால் புகார்தான். எழுதி அனுப்பினால் ஒரு எண் தருவார்கள். ஆர்லினின் விரல்கள் தடிமனானவை, அந்தச் சின்ன எழுத்துகளில் படாது. நான் ஜன்னலைச் சுற்றி வெளியே வந்து, அவர் போனை வாங்கி, அவருக்காக நானே தட்டச்சு செய்து அனுப்பினேன். வண்ணக் காகிதத் துண்டுகள் சிதறின. அவர் எனக்கு நன்றி சொன்னார்.

அவர் வாசலைத் தாண்டும் முன்பே டிக்கெட் என் திரையில் வந்து நின்றது. சரிசெய்ய நான்கு நிமிடம் ஆகும். அளந்திருக்கிறேன்.

நீங்கள் கேட்க நினைப்பது எனக்குத் தெரிகிறது. குழுவில் இருந்த ஐந்து பேரைப் பற்றி யோசித்துப் பாருங்கள். அவர்களிடம் நான் என்ன சொல்லியிருந்தாலும், வெர்னாவுக்கு மாற்றம் பிடிக்காது, வயதாகிவிட்டது என்பார்கள். ஏற்கெனவே சொன்னார்கள். அவர்களுக்குப் புரிவது எண்ணும் கட்டமும்தான். 'டிக்கெட் திறந்திருக்கும் நாட்கள்: எட்டு' என்று ஒரு கட்டத்தில் போட்டால் புரியும். நான்காம் தேதியே சரிசெய்திருந்தால் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் என்று வந்திருக்கும். என் கையால் புதிய போர்ட்டலை ஜெயிக்க வைத்தவளாக இருந்திருப்பேன். அந்தப் போர்ட்டல் எப்படிப்பட்டது என்று ஒருமுறையாவது அதன் நிஜ முகத்தில் தெரிய வேண்டாமா?

ஒன்பதாம் தேதி ஆர்லின் மறுபடி வந்தார். இந்த முறை விளையாட்டுப் பேச்சு இல்லை.

"நேத்தோட தீந்துபோச்சு வெர்னா. யாருக்காவது ஒரு போன் பண்ணேன்."

"வரிசைல இருக்கு ஆர்லின்."

"அந்த வரிசைல எனக்கு முன்னாடி எத்தன பேரு?"

யாருமில்லை. மற்றவர்களுடையதெல்லாம் முடிந்துவிட்டது. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். என்மேல் அவருக்கு நம்பிக்கை. அதுவும் இந்தப் புதிய காலத்தில் ஒரு குறையாகத்தான் ஆகிவிட்டது.

பத்தாம் தேதி முற்பகல், இரவுச் சமையலுக்கு மான் இறைச்சி எடுக்க டொரீன் நிலவறைக்கு இறங்கினாள். படிக்கட்டில் வலிப்பு வந்தது. குளிர்பெட்டி மூடி திறந்தபடியே இருந்ததாம். அப்படியானால் திரும்பி ஏறும்போதுதான் விழுந்திருக்கிறாள். ஆர்லின் மூன்றரை மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போனார்.

பன்னிரண்டாம் தேதி கூட்டம் திட்டமிட்டபடி நடந்தது. நான் ஒரே ஒரு தாளை மேசையில் வைத்தேன். பெயர், டிக்கெட் எண், திறந்திருக்கும் நாட்கள் எட்டு. பிரெஸ்காட்டின் முகத்தில் அந்த ஐந்து முகங்களில் எதுவும் இல்லை. அவரும் ஒரு மனிதர்தான் என்று அன்றுதான் தோன்றியது. ஒரு நிமிடம் மௌனம் அனுசரித்தார்கள். பிறகு கை உயர்த்தினார்கள். பழைய போர்ட்டல், ஐந்துக்கு ஐந்து.

என்னைக் காட்டிக்கொடுத்தது எது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். புதிய போர்ட்டல் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்கிறது. நவம்பர் இருபத்தெட்டு, காலை ஏழு ஐம்பத்திரண்டு, வெர்னா கோபிட்ஸ்கி, 'பார்த்துவிட்டேன்'. ஜனவரி நான்கு முதல் பத்து வரை ஆர்லினின் டிக்கெட்டை நான் பதினோரு முறை திறந்து மூடியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் நிமிடம், நொடி. பழையது இப்படி ஒருவரையும் வேவு பார்த்ததில்லை. பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு ஏன் திறந்தீர்கள் என்று கேட்டீர்கள். சரிசெய்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இன்னும் இரண்டே நாள்தானே என்று மூடிவிட்டேன். ஆமாம், தெரிந்துதான் செய்தேன். மாத்திரை தீர்ந்துவிட்டதும் தெரியும். அதைத் தெரியாது என்று சொல்ல நான் பிரெஸ்காட் அல்ல.

ஆனால் நடந்ததை நேர்மையாகப் பாருங்கள். டொரீனைக் காப்பீட்டிலிருந்து உதிர்த்தது அவர்களுடைய போர்ட்டல். போன வாரம்தான் எல்லோரையும் மறுபடி பழையதற்கு மாற்றினேன். பழைய பதிவில் அவள் பெயர் அப்படியே இருந்தது. நீக்க வேண்டுமென்றால் ஆர்லின் இறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து, அச்செடுத்து, கையெழுத்திட்டு என் ஜன்னலில் கொடுக்க வேண்டும். அவர் இன்னும் வரவில்லை. அதனால் என் போர்ட்டலில் டொரீனுக்கு இன்றைக்கும் முழுக் காப்பீடு இருக்கிறது. எந்த மருந்துக்கடைக்கு வேண்டுமானாலும் போகலாம். சொன்னேனே, இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரையும் நான் விட்டுவிட்டதில்லை.