லோரிச் சாவி

கோலா சிலாங்கூரிலிருந்து கிள்ளான் போகும் பேருந்தில், எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"நெருப்பே வேணாமாம்க்கா. எஞ்சின்ல வர்ற ஒரு பொறி பட்டாலே போதுமாம், பத்திக்கும்," என்றார் இளையவர்.

"யாரு சொன்னா?"

"எம் மகதான். ரவாங் பெயிண்ட் ஃபேக்டரியில சேஃப்டி வேலைலா. நேத்து பெயிண்ட்ல கலக்குற தின்னர் டிரம் ஒழுகி, ஆவி காத்துல கலந்து நின்னிருக்கு. பக்கத்துல லோரிய ஸ்டார்ட் பண்ணப் போனாங்களாம். இவ சாவிய புடுங்கிட்டா."

"மேனேஜரு திட்டலியா?"

"திட்டுனாரு. ஒழுகுனத தொடச்சு, வாடை போற வரைக்கும் இவ சாவிய குடுக்கவே இல்ல. லோரி ஓட்டுறவருதான் அப்புறம் போறப்ப கேட்டுல நின்னு, 'நன்றி தங்கச்சி, வீட்டுல நாலு பேரு எனக்காக காத்திருக்காங்க'ன்னாராம்."

"நீ அவகிட்ட என்னா சொன்ன?"

"'இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்க'ன்னேன்க்கா. அவ சாப்புடறதையே பாத்துக்கிட்டு இருந்தேன்."