படம் சொன்ன பக்கமும் பல் வலித்த பக்கமும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனைக் குழுத் தலைவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, நான் பேச வந்ததில் பாதியைப் பேசித் தீர்த்துவிட்ட முதன்மை மருத்துவர் அவர்களே! வேலையை ஒதுக்கி வைத்து வந்திருக்கும் பெரியோர்களே! வீட்டில் யாருக்கு எங்கே வலிக்கிறது என்பதை எங்களுக்கு முன்பே அறிந்துவிடும் தாய்மார்களே! கன்னத்தைக் கையில் தாங்கிக் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அன்பரே! அனைவருக்கும் என் வணக்கம். கடைசி வரிசை அன்பருக்காகவே சுருக்கமாகப் பேசுகிறேன்.

இன்று திறக்கப்படும் அறையில் இருப்பது பல்லைப் படமெடுக்கும் டிஜிட்டல் எக்ஸ்ரே. முன்பெல்லாம் வாய்க்குள் பிலிமை வைத்துப் படமெடுத்து, இருட்டறையில் மருந்தில் முக்கி, அலசி, கிளிப்பில் தொங்கவிட்டுக் காத்திருப்போம். வலியோடு வந்தவர் வராந்தாவில் நடைபோடுவார். இப்போது ஒயர் கோத்த சிறு தகடு ஒன்றை வாய்க்குள் வைக்கிறோம். கண் மூடித் திறப்பதற்குள் கணினித் திரையில் படம். கதிர்வீச்சும் குறைவு, காத்திருப்பும் குறைவு. வேரின் வெடிப்பைக்கூட விரித்துப் பார்க்கலாம்.

என்ன ஐயா? அப்படியானால் தவறே நேராதா என்று கேட்கிறீர்களா? நேரும். நேர்ந்தது. என் கையாலேயே நேர்ந்தது. அதைச் சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இதே போன்ற கருவி வந்து நான்காம் நாள். பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் வந்தார். கீழ்த்தாடையில் இருபுறமும் கடைவாய்ப் பல்லுக்கு உறை போட்டிருந்தார். வெளியே இரண்டும் பளபள. உள்ளே ஒன்று பாழ். எது என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும்.

படமெடுக்கும் முன், எந்தப் பல் என்று திரையில் ஒரு கட்டத்தைத் தொட வேண்டும். முதலில் தகட்டை அவர் வலப்பக்கம் வைத்தேன். அவசரத்தில் இடப்பக்கக் கட்டத்தைத் தொட்டேன். கருவி என்ன செய்யும்? நான் சொன்னதை நம்பியது. அழுகிய வலப் பல்லை, அழகாக, இடப் பல் என்று காட்டியது! பாழான பல் கிடைத்துவிட்டதென்று மறுபக்கம் படமெடுக்கவே இல்லை.

பழைய பிலிமின் மூலையில் ஒரு சிறு புடைப்பு இருக்கும். தடவினால் வலமா இடமா தெரிந்துவிடும். அன்றும் என் கட்டைவிரல் பழக்கத்தில் திரையைத் தடவியது. வழவழவென்று கண்ணாடி. விரல் தயங்கியது, நான் தயங்கவில்லை. புதுக் கருவி வந்த பெருமிதம், வேறென்ன?

இடப்பக்கம் ஊசி போட்டாயிற்று. பல் பிடுங்கும் குறடைக் கையில் எடுத்தேன். மூலை நாற்காலியில் இருந்த அவர் மனைவி எழுந்தார்.

"டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு மாசமா இவரு இந்த இடது பக்கமாத்தான் மெல்றாரு. நல்லா இருக்கிற பக்கத்தை ஏன் எடுக்கறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "படம் பொய் சொல்லுமாக்கா? உக்காருங்க" என்றேன்.

அவர் உட்காரவில்லை. "படம் எனக்குத் தெரியாதும்மா. இவரு சாப்பிடறதை நான்தானே தினம் பாக்கறேன்? ஏங்க, வாயைத் தொறந்து சொல்லுங்களேன்!"

வாய் திறந்துதான் இருந்தது, பேச்சுதான் வரவில்லை. மரத்துப்போன உதட்டோடு அந்த மனிதர் மெல்லக் கை தூக்கி, வலக் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

குறடைக் கீழே வைத்தேன். மறுபடி படமெடுத்தேன், இருபுறமும். இடப் பல் கல் போல இருந்தது. அதைப் பிடுங்கியிருந்தால், பிறகு வலப் பல்லும் போயிருக்கும். அவர் எதைக் கொண்டு மென்றிருப்பார்? எனக்கு வெட்கமாக இருந்தது. அவரிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

மரப்பு நீங்கியதும் கேட்டேன்: "அண்ணே, முன்னாடியே ஏன் சொல்லலை?"

"வலது பக்கம்னுதான் நெனச்சேன் டாக்டரம்மா. அவ்வளவு பெரிய மிஷின்லயே இடதுன்னு வந்திருக்கு, எனக்குத்தான் தெரியலையோன்னு இருந்துட்டேன்."

கேட்டீர்களா? கருவியைக் கண்டு தன் வலியையே சந்தேகித்துவிட்டார்! வலித்தது யாருக்கு? அவருக்கு. விழித்தது யார்? அவர் மனைவி. விரைந்தது யார்? படித்த நான்!

கருவி வேண்டாம் என்கிறேனா? இல்லை. வேரின் அழுகலை அந்த அக்காவாலும் பார்த்திருக்க முடியாது. ஆனால் படமும் பேச வேண்டும், பல்லுக்கு உரியவரும் பேச வேண்டும். இரண்டும் ஒத்துப்போகும் வரை குறடு மேசையிலேயே இருக்கட்டும். புதிய அறையில் நாற்காலிக்கு எதிரே எழுதி வைத்திருக்கிறோம்: 'வலிக்கும் பல்லில் முதலில் உங்கள் விரலை வையுங்கள்.'

இந்தக் கருவியை யார் தொடங்கி வைப்பது என்று குழுவில் மூன்று கூட்டம் பேசினோம். தலைவர் பெருந்தன்மையோடு தம் இடத்தை விட்டுக்கொடுத்தார். இரண்டாம் வரிசையில் முந்தானையால் முகத்தை மறைக்கிறாரே, அந்த அக்காதான் தொடங்கி வைக்கிறார். பேச வேண்டாம் அக்கா, பொத்தானை அழுத்தினால் போதும். பக்கத்தில் சிரிக்கிறாரே, அவர்தான் ஓட்டுநர். அந்த இடப் பல் இன்னும் அவர் வாயில்தான் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் முறுக்கைக் கடித்த சத்தம் மேடை வரை கேட்டது.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. எல்லோரும் இருபுறமும் நன்றாக மென்று வாழ்க! எழுந்து வாருங்கள் அக்கா. அன்று உங்களை உட்காரச் சொன்னவள் நான். இன்று நான் உட்காருகிறேன். வணக்கம்.